"ஹார்ட் திரும்ப வந்துடுச்சு"ன்னு சொன்னதுக்கு அப்புறம்: விபத்துக் காயம், ஆபரேஷன் பத்தி குடும்பத்துல கேக்குற கேள்விகள்

நான் சிங்கப்பூர்ல ஒரு ஆஸ்பத்திரி ஐசியூல நர்ஸா இருக்கேன். விபத்துல அடிபட்டு, ஆம்புலன்ஸ்லயோ எமர்ஜென்சியிலயோ இதயம் நின்னு போய், திரும்ப துடிக்க வச்சு மேல அனுப்புறவங்களப் பாத்துக்குறதுதான் என் வேலையில முக்கால்வாசி. எங்க ஷிஃப்ட்ல தமிழ் பேசுற ஆள் அதிகம் இல்ல, அதனால டாக்டர் குடும்பத்துக்கிட்ட பேசும்போது புதுக்கோட்டை, மன்னார்குடி, பரமக்குடின்னு எங்கிருந்து வாட்ஸ்அப் கால் வந்தாலும் பக்கத்துல நான்தான் நிப்பேன். ஒரே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வரும், அழுகைக்கு நடுவுல நான் சொல்றது பாதிதான் போய்ச் சேரும், அதனால நிதானமா உக்காந்து எழுதுறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்க ஆளோட நிலைமைய அவரப் பாக்குற டாக்டர்தான் சொல்லணும்.

"உயிர் வந்துடுச்சு"ன்னு சூப்பர்வைசர் ஃபோன் பண்ணாரு. அப்ப பொழச்சிட்டாருதானே?

இல்லங்க, இன்னும் இல்ல. இத சொல்ல எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்ட அடைக்கும், ஆனா சொல்லித்தான் ஆகணும். நாடித் துடிப்பு திரும்ப வந்துச்சுன்னா ஆபரேஷன் தியேட்டருக்கு கொண்டு போற அளவுக்கு நேரம் கெடச்சிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். இதயத்த நிறுத்துன காரணம் உள்ள அப்படியேதான் இருக்கும், அதக் கண்டுபிடிச்சு அடைக்கலன்னா மறுபடியும் நிக்கும். இந்த ஒரு விஷயம் புரிஞ்சிடுச்சுன்னா அடுத்த ரெண்டு நாள் ஆஸ்பத்திரில நடக்குற எல்லாமே புரியும், ஏன் அவசர அவசரமா தியேட்டருக்குக் கொண்டு போனாங்க, ஏன் பாதியிலயே வெளிய கொண்டு வந்தாங்க, ஏன் உடைஞ்ச கால அப்படியே விட்டாங்க, எல்லாம்.

மாரடைப்புல நின்ன இதயமும் இதுவும் ஒண்ணு இல்லையா?

ரொம்ப வேற. மாரடைப்புல கோளாறு இதயத்துக்குள்ள இருக்கு, அதனால நெஞ்ச அமுக்கி, ஏஇடி (இதயத்துக்கு ஷாக் குடுக்குற சின்னப் பெட்டி) வச்சு ஷாக் குடுத்தா நிறைய பேருக்குத் துடிப்பு திரும்பும். விபத்துல பெரும்பாலும் இதயம் நல்லாத்தான் இருக்கும், அது அடிக்கிறதுக்கு ரத்தம்தான் இருக்காது. மோட்டர் நல்லா ஓடுது, ஆனா தொட்டி காலி, அந்த மாதிரி. வளந்த ஆளுக்கு உடம்புல சுமாரா 5 லிட்டர் ரத்தம், அதுல 40 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா உடம்பு தாங்காது.

ரத்தம் போறது தவிர இன்னும் மூணு காரணம் இருக்கு. ஒண்ணு, மூச்சுக்குழாய் அடைச்சு ஆக்சிஜன் போகாம போறது. ரெண்டாவது, கிழிஞ்ச நுரையீரல்லேர்ந்து காத்து கசிஞ்சு நெஞ்சுக்குள்ள பலூன் மாதிரி அடைச்சு இதயத்தயே தள்ளிடறது. மூணாவது, இதயத்தச் சுத்தி இருக்குற பைக்குள்ள ரத்தம் சேந்து இதயத்த விரிய விடாம இறுக்கறது. இந்த நாலுமே கையாலயோ கத்தியாலயோ சரி பண்ணக் கூடியது, மருந்து மட்டும் குடுத்து சரி பண்ண முடியாது. அதனாலதான் இவங்களுக்கு சர்ஜன் எமர்ஜென்சி வாசல்லயே நிப்பாரு.

அப்ப சைட்ல கூட்டாளிங்க நெஞ்ச அமுக்குனது வீணா?

வீணே இல்ல. தயவுசெஞ்சு அந்தத் தம்பிங்கள்ட்ட இத சொல்லுங்க, பல பேரு "நான் சரியா அமுக்கலையோ"ன்னு வருஷக்கணக்கா மனசுல வச்சு புழுங்குறாங்க. இன்னொண்ணும் இருக்கு, சில பேரு விழுந்ததால இதயம் நிக்கல, மேல நிக்கும்போதே மாரடைப்பு வந்து அதனாலதான் விழுந்திருப்பாங்க. கீழ நிக்கிறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. அதனால மூச்சு இல்லன்னா 995 (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் நம்பர்) கூப்பிடணும், அமுக்கணும், பக்கத்துல ஏஇடி இருந்தா போடணும். ரத்தம் பீச்சி அடிக்குதுன்னா ஒருத்தர் அத கையால, துணியால அழுத்திப் பிடிக்கணும், எடுத்து எடுத்து பாக்கக் கூடாது. 995ல பேசுறவங்க ஃபோன்லயே சொல்லிக் குடுப்பாங்க, கட் பண்ணாதீங்க.

எந்தெந்த மாதிரி காயம் இருக்கும்?

எப்படி அடிபட்டாங்கங்குறதுதான் முக்கால் பதில். அதனாலதான் ஆம்புலன்ஸ் ஆளுங்க உள்ள வரும்போதே "எத்தன மீட்டர்லேர்ந்து, எது மேல விழுந்தாரு"ன்னு சத்தமா சொல்லிக்கிட்டே வருவாங்க.

சாரத்துலேர்ந்து விழுந்தவரு கால் ஊனி விழுந்திருந்தா குதிகால் எலும்பு நொறுங்கும், அந்த வேகம் அப்படியே மேல ஏறி இடுப்பு எலும்பு, முதுகுத்தண்டு வரைக்கும் போகும். குதிகால் உடஞ்ச ஆளுக்கு முதுக பாக்காம விடாதேன்னு எங்களுக்கு மொத வருஷமே சொல்லிக் குடுத்தாங்க. பக்கவாட்டுல விழுந்தா விலா, நுரையீரல், மண்ணீரல், கல்லீரல். ரொம்ப உயரத்துலேர்ந்து விழுந்தாலோ வேகமா மோதினாலோ உடம்பு நிக்கும் ஆனா உள்ள இருக்குற உறுப்பு நிக்காம போகும், அந்த இழுப்புல நெஞ்சுல இருக்குற பெரிய ரத்தக்குழாய் கிழியும். அது முழுசா கிழிஞ்சவங்க பெரும்பாலும் அந்த இடத்துலயே போயிடுறாங்க, பாதி கிழிஞ்சு வந்து சேர்றவங்களுக்கு தொடை வழியா ஸ்டென்ட் வைக்க முடியும்.

மோட்டர்சைக்கிள்னா தொடை, முழங்காலுக்குக் கீழ, இடுப்பு, தலை. ஹேண்டில் வயித்துல குத்துனா வெளிய ஒரு சின்ன சிராய்ப்புதான் தெரியும், உள்ள கல்லீரலோ கணையமோ பிளந்திருக்கும். லாரி பின்னாடி உக்காந்து வந்தவங்க தூக்கி எறியப்படறதால தலையும் கழுத்தும். ஃபோர்க்லிஃப்ட், கம்பிக்கட்டு, மண் சரிவுல மாட்டினவங்களுக்கு நெஞ்சு நசுங்கும், இடுப்பு நசுங்கும், தசை செத்துப்போய் அந்தக் கழிவு கிட்னிய அடைக்கும், சிறுநீர் கடுந்தேத்தண்ணி நெறத்துல வரும், அதனால சில பேருக்கு டயாலிசிஸ் மெஷின் போடுவோம்.

இதயம் நிக்கிற அளவுக்கு அடிபட்டவங்களுக்கு ஒரே ஒரு காயம்னு இருக்குறது அபூர்வம். தலை, நெஞ்சு, வயிறு, இடுப்புன்னு ரெண்டு மூணு சேந்தே வரும். கத்திக்குத்து மட்டும் விதிவிலக்கு, அது பெரும்பாலும் ஒரே இடம். அதனாலயே சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா அவங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூட.

ஃபோட்டோல பாத்தோம், வெளிய ஒரு சொட்டு ரத்தம் இல்ல. அஞ்சு லிட்டர் எங்க போச்சு?

நெஞ்சுக் கூட்டுல ஒரு பக்கத்துலயே லிட்டர் கணக்குல ரத்தம் தேங்கும். வயித்துக்குள்ள மொத்த ரத்தமும் போனாலும் இடம் இருக்கும். உடஞ்ச இடுப்பு எலும்புக்குப் பின்னாடியும் அப்படித்தான். ஒரு தொடை எலும்பு உடஞ்சாலே ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் தசைக்குள்ளயே போயிடும். அதனால எமர்ஜென்சில மொத வேலையா வயித்து மேல, நெஞ்சு மேல ஸ்கேன் கருவிய வச்சு பாப்பாங்க, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், கருப்பா தண்ணி மாதிரி தெரிஞ்சா அது ரத்தம்.

இடுப்பு எலும்பு உடஞ்சிருந்தா, உள்ள ரத்தம் மேல மேல ஒழுகாம இருக்க, இடுப்பச் சுத்தி ஒரு பெல்ட்ட இறுக்கிக் கட்டுவோம். நம்ம ஆளுங்கன்னா அங்க அரைஞாண் கயிறு இருக்கும், சில பேருக்கு அதுலயே தாயத்தும் இருக்கும். அத வெட்டித்தான் ஆகணும். வெட்டுனத ஒரு சின்ன ப்ளாஸ்டிக் பைல போட்டு, பேர் ஒட்டி, செல்ஃபோன், பர்ஸோட சேத்து வச்சிடுவோம், குப்பைல போட மாட்டோம். ஒரு அம்மா முதல்ல கேட்டது "கயிறு எங்கம்மா"ன்னுதான், பைய கேமரா முன்னாடி தூக்கிக் காட்டின பிறகுதான் அவங்களால டாக்டர் சொன்னதக் கேக்க முடிஞ்சுது.

எந்த வரிசையில பாக்குறாங்க? தலைல அடின்னா தலையத்தானே மொதல்ல பாக்கணும்?

மூச்சு வழி, மூச்சு, ரத்த ஓட்டம், அப்புறம்தான் மூளை, கடைசியா துணியெல்லாம் வெட்டி உடம்பு முழுக்க. எது மொதல்ல கொல்லுமோ அது மொதல்ல. (கொட்டுற ரத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சா அத உடனே அடைப்பாங்க.) இந்த வரிசைக்கு ஒரு கதை இருக்கு. 1976ல ஜேம்ஸ் ஸ்டைனர்னு ஒரு அமெரிக்க எலும்பு டாக்டர் தானே ஓட்டின சின்ன விமானம் நெப்ராஸ்கால வயக்காட்டுல விழுந்துச்சு, மனைவி அங்கேயே இறந்துட்டாங்க, புள்ளைங்களுக்கு பலத்த அடி, போய்ச் சேந்த ஊர் ஆஸ்பத்திரில எத மொதல்ல பாக்குறதுன்னே யாருக்கும் தெரியல. அந்த வலியிலேர்ந்து பொறந்ததுதான் இப்ப உலகம் பூரா டாக்டருங்க படிக்கிற விபத்துச் சிகிச்சைப் பயிற்சி, சிங்கப்பூர்லயும் அதத்தான் எடுக்குறாங்க.

எமர்ஜென்சியிலயே நெஞ்சத் தொறந்தாங்கன்னு சொன்னாங்க, அது உண்மையா?

உண்மையா இருக்கலாம். விலா எலும்புக்கு நடுவுல வெட்டி நெஞ்சத் தொறந்து, இதயப் பைய கிழிச்சு ரத்தத்த வெளிய விட்டு, ஓட்டைய விரலால அடைச்சு, கீழ போற பெரிய ரத்தக்குழாய க்ளாம்ப் போட்டு பிடிச்சு, இதயத்த கையாலயே அமுக்குவாங்க. இருக்குற கொஞ்ச ரத்தமாவது மூளைக்குப் போகட்டும்னுதான். எல்லாருக்கும் செய்ய மாட்டாங்க. இதயம் நின்னு ரொம்ப நேரம் ஆயிடுச்சுன்னா பலன் இல்ல, பலரும் பின்பத்துற அளவு, விழுந்து மோதின அடின்னா சுமார் 10 நிமிஷம், நெஞ்சுல கத்திக்குத்துன்னா சுமார் 15. நிறைய பேருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்ல, நெஞ்சுல பக்கத்துக்கு ஒரு குழாய் வச்சா அடைச்ச காத்தும் ரத்தமும் வெளிய வந்து, அதோடயே இதயம் பிடிச்சுக்கும்.

ஆபரேஷன் முடிஞ்சுதுன்னு சொன்னாங்க, ஆனா வயிற மூடவே இல்ல. கைவிட்டுட்டாங்களா?

இதத்தான் அதிகமா கேக்குறாங்க, அதனால இதுக்குக் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

கைவிடல. ரத்தம் நிறைய போன ஆளுக்கு மூணு விஷயம் ஒண்ண ஒண்ணு பிடிச்சு இழுக்கும். உடம்பு குளிந்து போகும், 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ. ரத்தத்துல அமிலம் ஏறும். இந்த ரெண்டும் சேந்தா ரத்தம் உறையாது. உறையலன்னா இன்னும் ஒழுகும், ஒழுகினா இன்னும் குளிரும். இந்தச் சுழல்ல இருக்குற ஆள நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் மேசையில போட்டு குடல அழகா தச்சுக்கிட்டு இருந்தா, தையல் நல்லா இருக்கும், ஆள் இருக்க மாட்டாரு.

அதனால சர்ஜன் உள்ள போய் ரெண்டே ரெண்டு வேல செய்வாரு. ஒழுகுற ரத்தத்த நிறுத்துறது, கிழிஞ்ச குடல்லேர்ந்து மலம் கொட்டாம முடிச்சுப் போடுறது. கல்லீரல் பிளந்திருந்தா தைக்க மாட்டாரு, சுத்தியும் பெரிய பெரிய துணிப் பேட வச்சு இறுக்கி அடைச்சிடுவாரு. மண்ணீரல் நொறுங்கியிருந்தா எடுத்துடுவாரு. அப்புறம் வயிற மூடாம எங்கள்ட்ட அனுப்பிடுவாரு. நாங்க சூடான காத்து அடிக்கிற போர்வைய போத்தி, ரத்தத்த சூடாக்கி ஏத்தி, உறையிற சக்திய திரும்பக் கொண்டு வருவோம். ஒரு நாளு, ரெண்டு நாள் கழிச்சு ஆள் தாங்குவாருன்னு தெரிஞ்சதும் திரும்ப தியேட்டர். துணிய எடுக்குறது, குடல சேக்குறது எல்லாம் அப்பதான். ரெண்டு தடவ, மூணு தடவகூட போக வேண்டி வரும்.

பாக்க எப்படி இருக்கும்னு முன்னாடியே சொல்லிடறேன். வயித்து நடுவுல ஒரு பெரிய பஞ்சு, அது மேல கண்ணாடி மாதிரி ஒட்டின ப்ளாஸ்டிக், அதுலேர்ந்து ஒரு குழாய் கட்டில் ஓரத்துல இருக்குற பெட்டிக்குப் போகும், பெட்டி மெதுவா உர்ர்னு உறிஞ்சிக்கிட்டே இருக்கும், உள்ள வெளிர் சிவப்புல தண்ணி. வீடியோ கால்ல பாத்த ஒரு அண்ணி "தையல் போடக்கூட ஆள் இல்லையா சிஸ்டர்"ன்னு கேட்டாங்க. உள்ள உறுப்பெல்லாம் வீங்கியிருக்கும், இறுக்கி மூடினா அந்த அழுத்தத்துலயே கிட்னி நின்னு போகும், நுரையீரல் விரியாது, அதனாலயும்தான் தொறந்து வைக்கிறோம்.

இந்த முறைக்கு இங்கிலீஷ்ல வச்ச பேரு டேமேஜ் கண்ட்ரோல். கடற்படையிலேர்ந்து எடுத்தது. துவாஸ் கப்பல் பட்டறையில வேல பாத்த அண்ணன்மாருக்கு சொன்ன உடனே புரியும்: நடுக்கடல்ல கப்பல் ஓட்டையானா பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்க, ஓட்டைய அடைச்சு கரைக்கு இழுத்துட்டு வந்துதான் வெல்டிங். 1993ல ஃபிலடெல்ஃபியா சர்ஜனுங்க இத எழுதினாங்க. பெரிய ரத்தக்குழாயும் ரெண்டு மூணு உறுப்பும் ஒண்ணா அடிபட்டவங்கள்ல, மொத தடவையே எல்லாத்தையும் சரி பண்ணப் பாத்த 9 பேர்ல 1 ஆள்தான் பொழச்சாரு, இப்படி பாதியில நிறுத்துன 13 பேர்ல 10 பேர் பொழச்சாங்க. சின்ன எண்ணிக்கைதான், ஆனா சர்ஜனுங்க யோசிக்கிற விதத்தையே மாத்திடுச்சு.

கால் உடஞ்சு மூணு நாளாச்சு, இன்னும் பிளேட் வைக்கலையே?

அதே காரணம்தான். வெளியில கம்பிச் சட்டம் போட்டு எலும்ப அசையாம பிடிச்சு வச்சிருப்பாங்க. ஆள் நிலைக்கு வந்தப்புறம் உள்ள கம்பி, பிளேட். கால் கோணலா ஆயிடுமோன்னு பயப்படாதீங்க.

தலைல அடி இருந்தா?

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கட்டியிருந்தா எடுக்கலாம், சீக்கிரம் எடுத்தா நல்லாவே தேறி வர்றவங்களும் உண்டு. மூளையே வீங்கியிருந்தா ஓட்டுல ஒரு பகுதிய எடுத்து வச்சிட்டு வீக்கம் வடிஞ்சதும் திரும்ப வைப்பாங்க, அதுக்கு மாசக்கணக்குலகூட ஆகும். கஷ்டமானது எதுன்னா, இதயம் நின்ன நேரத்துல ஆக்சிஜன் போகாம மூளை முழுக்க பாதிக்கப்பட்டிருக்குறது. அதுக்கு ஆபரேஷன் கிடையாது. எவ்வளவு பாதிப்புன்னு மொத ரெண்டு மூணு நாள்ல உறுதியா சொல்லவும் முடியாது, தூக்க மருந்து வேற ஓடிக்கிட்டு இருக்கும். டாக்டர் "வெயிட் பண்ணுவோம்"னு சொன்னா மறைக்கிறாருன்னு நெனைக்காதீங்க.

ரத்தம் எவ்வளவு ஏத்துவாங்க? நாங்க பத்து பேர் குடுக்க ரெடியா இருக்கோம்.

சில ராத்திரில ஒரே ஆளுக்கு இருபது பை, முப்பது பைகூட போகும். சிவப்பணு மட்டும் இல்ல, ப்ளாஸ்மா (ரத்தத்தோட நீர்ப்பகுதி), ப்ளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்கிற அணு) மூணும் கிட்டத்தட்ட சம அளவுல குடுப்பாங்க, அப்பதான் உறையும். கூடவே கால்சியம். ட்ரானெக்ஸாமிக் ஆசிட்னு ஒரு மருந்து, கட்டின ரத்தம் கரையாம காப்பாத்தும், அடிபட்ட 3 மணி நேரத்துக்குள்ள குடுத்தாதான் பலன், 2010ல 40 நாட்டுல 20,000 பேருக்கு மேல வச்சு பாத்த ஆய்வுல உறுதியானது, விலையும் ரொம்பக் குறைவு.

ஊர்ல மாதிரி "ஆளுக்குப் பதில் ஆள் ரத்தம் குடுத்தாதான் ஆபரேஷன்"ங்குற பேச்சு இங்க இல்ல. ரத்த வங்கில இருக்குறத உடனே எடுத்துடுவாங்க. அந்த வங்கி நம்ம மாதிரி ஆளுங்க சும்மா வந்து குடுக்குறதுலதான் ஓடுது. ஊட்ரம், தோபி காட், உட்லண்ட்ஸ், ஜூரோங் வெஸ்ட்கேட்ல குடுக்கலாம், 12 வாரத்துக்கு ஒரு தடவ. உங்க தம்பிக்கு நேத்து ராத்திரி ஏறினது யாரோ முகம் தெரியாத ஆள் போன மாசம் குடுத்தது.

இவ்வளவு அடிபட்டவங்க எத்தன பேர் பொழைக்கிறாங்க?

விபத்து நடந்த இடத்துலயே இதயம் நின்னவங்கள எடுத்துக்கிட்டா, உலகத்துல பெரும்பாலான ஆய்வுல நூத்துக்குப் பத்து பேருக்கும் கீழதான் வீட்டுக்குப் போறாங்க. துடிப்பு திரும்ப வந்து ஐசியூ வரைக்கும் வந்தவங்களுக்கு வாய்ப்பு அதவிடக் கூட. மொத நாள் பயம் ரத்தப்போக்கு, அடுத்த சில நாள் மூளை வீக்கம், அதுக்கப்புறம் கிருமித் தொற்று, கிட்னி, நுரையீரல் ஒண்ணொண்ணா நிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டும்போது கேளுங்க, இப்ப எந்தக் கட்டத்துல இருக்காருன்னு. சதவீதம் கேக்குறதவிட அந்தக் கேள்விக்கு உங்களுக்கு நல்ல பதில் கிடைக்கும்.

கையெழுத்து யார் போடணும்? நாங்க ஊர்ல இருக்கோம்.

உயிர் போற அவசரத்துல கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க, நோயாளிக்கு எது நல்லதோ அத டாக்டருங்களே முடிவெடுத்து செய்வாங்க. அப்புறமும் குடும்பத்துக்கிட்ட பேசுவாங்க, அவரு எப்படிப்பட்ட ஆளு, எத விரும்புவாருன்னு கேப்பாங்க. முடிவோட பாரத்த உங்க தலைல மட்டும் தூக்கி வைக்க மாட்டாங்க. தமிழ்ல பேச ஆள் வேணும்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. குடும்பத்துல ஒருத்தர் மட்டும் பேசுற மாதிரி வச்சுக்குங்க, மாமா ஒரு பக்கம் மச்சான் ஒரு பக்கம் கூப்பிட்டா ஆளுக்கொரு கதையா ஊருக்குப் போகும்.

செலவு?

வொர்க் பெர்மிட்ல இருக்குறவருக்கு முதலாளி கட்டாயம் மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கணும், 2023 ஜூலைலேர்ந்து வருஷத்துக்குக் குறைஞ்சது 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வேலையில நடந்த விபத்துன்னா அதுக்குத் தனியா வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கு, தப்பு யாரோடதா இருந்தாலும் வைத்தியச் செலவு, லீவு சம்பளம், நிரந்தரக் குறைபாட்டுக்கு இழப்பீடு எல்லாம் அதுல வரும், வரம்பு உண்டு. விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள்ள கோரிக்கை வைக்கணும். கம்பெனி இழுத்தடிச்சா மனிதவள அமைச்சுகிட்டயோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்துலயோ சொல்லலாம், ஆஸ்பத்திரி மெடிக்கல் சோஷியல் வொர்க்கரும் உதவுவாங்க. புரியாத பேப்பர்ல மட்டும் கையெழுத்து போடாதீங்க.

விலா எலும்பு ஆறு உடஞ்சிருக்காம், விழுந்ததுலயா அமுக்குனதுலயா?

ரெண்டுலயும் உடையும். அமுக்குனதுல உடஞ்சது ஆறிடும், அந்தக் கணக்கப் போட்டு யாரையும் குத்தம் சொல்லாதீங்க.

மண்ணீரல எடுத்துட்டாங்களாம், இப்ப ஊருக்கு வரப் போறாரு. என்ன கவனிக்கணும்?

மண்ணீரல் இல்லாம வாழலாம், வேலையும் பாக்கலாம். ஆனா சில கிருமிங்கள தடுக்குறது அந்த உறுப்புதான், அதனால நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப்னு மூணு கிருமிக்கும் தடுப்பூசி போடணும், எது போட்டாச்சு எது பாக்கின்னு எழுதி வாங்கிக்கணும். காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தா பாரசிட்டமால் போட்டுட்டு விடியட்டும்னு படுக்கவே கூடாது, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய் "எனக்கு மண்ணீரல் இல்ல"ன்னு மொத வார்த்தையா சொல்லணும். நுரையீரல்லேர்ந்து காத்து கசிஞ்சிருந்தா டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஃப்ளைட் ஏறக் கூடாது, மேல போனா உள்ள இருக்குற காத்து விரியும்.

போன வருஷம் இப்படி ஊருக்குப் போன ஒரு தம்பிக்கு நானே ஒரு அட்டைல எழுதிக் குடுத்தேன், தமிழ்ல ஒரு பக்கம், இங்கிலீஷ்ல ஒரு பக்கம்: மண்ணீரல் அகற்றப்பட்டது, காய்ச்சல் என்றால் உடனே ஆண்டிபயாட்டிக், தடுப்பூசி போட்ட தேதிகள். லேமினேட் பண்ணி பர்ஸ்ல, ஆதார் அட்டைக்குப் பின்னாடி வச்சிருக்காரு. நீங்களும் கிளம்புறதுக்கு முன்னாடி வார்டு நர்ஸ்கிட்ட கேட்டு எழுதி வாங்கிடுங்க.